எண்பத்தைந்து விநாடிக் கடல்

குலசேகரநாதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஒன்பது ஆண்டுகளில் யுரோப்பாவின் கடல் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆழமாகிவிட்டது. புதுக்கொற்கையில் யாருக்கும் இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. குலசேகரநாதனுக்கு அறவே இல்லை. ஒரு நிர்வாகி ஊன்றி உழைத்தால் கடல் ஆழமாகத்தானே செய்யும் என்பது அவர் எண்ணம்.

புதுக்கொற்கை, வியாழனைச் சுற்றிவரும் அந்த நிலவின் பனி ஓட்டுக்குள் குடைந்து கட்டிய ஊர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து நாற்பது வருடம் முன்பு வந்தவர்களும், வந்த இடத்தில் அவர்கள் பெற்றதுமாக எழுநூறு பேர். மேலே போய்ச் சன்னல் வழியாகப் பார்த்தால் வானத்தின் ஒரே இடத்தில் ஆணியடித்து மாட்டியதுபோல் வியாழன் தொங்கும். காலுக்குக் கீழே நாலு கிலோமீட்டர் பனி. அதற்கும் கீழே இதுவரை ஒரு மனிதக் கண்ணும் பார்த்திராத கடல்.

பனியைத் துளைத்து இறக்கிய கிணற்றின் அடியில் ஒரு கருவி இருந்தது. ஊரார் அதைக் ‘காது’ என்பார்கள். நாள்தோறும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கடலுக்குள் ‘டோங்’ என்று ஓர் ஒலி போகும். அது தரையில் பட்டுத் திரும்ப எத்தனை விநாடி என்று காது சொல்லும். விநாடி கூடினால் ஆழம் கூடியதாக அர்த்தம்.

முதல் இயக்குநர் சுடலைமணி காலத்தில் பதினெட்டு விநாடி. முப்பத்தொரு வருடம், ஒரு நாள்கூடப் பிசகாமல் பதினெட்டு. குலசேகரநாதன் நாற்காலியில் உட்கார்ந்த அன்றே இருபத்திரண்டு. அவர் முனைவரானபோது முப்பது. மகிழ்ந்துபோன ஊர்ச்சபை அவருக்கு ‘ஆழ்கடல் அரசு’ என்று பட்டம் கொடுத்தது. மறுநாளே நாற்பத்து மூன்று. மெய்சிலிர்த்த சபை ‘பனிப்பாறைப் பகலவன்’ என்றது. கடல் அறுபத்திரண்டுக்கு இறங்கியது. போன வருடம் ‘வியாழன் வியந்த வேந்தர்’ பட்டத்துக்குப் பிறகு எண்பத்தைந்து. பூமியில் இரண்டு பல்கலைக்கழகங்கள் இந்தத் தாழ்வை ஆராயத் தனித் துறையே தொடங்கியிருந்தன. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்வி.

எண்பத்தைந்து விநாடி என்றால் அறுபத்து நாலு கிலோமீட்டர் ஆழம். அந்தக் கணக்கை நம்பித்தான் இன்று பகல் ஒரு மணிக்கு இறங்குகூடு என்ற உருக்குப் பந்தில் முதல் மனிதனைக் கடலுக்குள் இறக்கப்போகிறார்கள். முதல் அறுபது கிலோமீட்டர் கல்லைப்போல் விழுந்து, கடைசி நாலில் மட்டும் வேகம் தணியும்படி அதற்கு ஏற்பாடு. உள்ளே உட்காரப் போகிறவன் சவரிமுத்து. அவன் மனைவி பிரகாசி, நிலையத்தின் கணினிகளைக் கட்டி மேய்ப்பவள், காலை ஒன்பது மணிக்குத் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். எழுதிய புரோகிராமைப் பிழைபார்த்துக் கணினியின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன தாயி, கம்பைலர் என்ன சொல்லுது?” என்று வந்தார் ஆவுடைநாயகம். நிலையத்தின் பதிவேட்டு அலுவலர். இயக்குநருக்குப் பட்டம் கிடைத்த ஒரு மணி நேரத்துக்குள் அதை எல்லா ஆவணங்களிலும் சேர்ப்பது அவர் வேலை. ஒரு தடவைகூடத் தாமதமானதில்லை.

“ஒண்ணே ஒண்ணுதான் அண்ணாச்சி பாக்கி. காதுக்கான புரோகிராம். நானூத்திப் பன்னெண்டாம் வரி.”

திரையில் சிவப்பு எழுத்து: பிழை. ‘கடல்_கேள்’ என்ற ஃபங்ஷன் அறிவிக்கப்படவில்லை. காதிடம் விடை கேட்டு வாங்கிவரும் கட்டளை அது.

“நாப்பது வருசமா ஓடுத புரோகிராம்லா? இப்ப என்ன புதுசா வலிக்கி?”

“கப்பல்ல வந்த புது கம்பைலர் பண்ணுத வேலை. இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு மேல இதுல தேறுன புரோகிராம்தான் ஓடணும்னு பூமியில உத்தரவு. பழசு தங்கமானது அண்ணாச்சி. முன்னப்பின்னத் தெரியாத பேரு வந்தாலும், ‘யாரோ பெரிய எடத்துப் பிள்ளை போல, முழு எண்ணுதான் கொண்டுவரும்’னு தானா நெனச்சுக்கிட்டு உள்ள விட்ரும். முனங்கும், ஆனா விட்ரும். புதுசு வாசல்லயே நிப்பாட்டுது. யாரு நீ, என்ன கொண்டுவருவேன்னு மொதல்லயே எழுதிக் குடுங்குது.”

“எழுதிக் குடுத்துட வேண்டியதுதான?”

“என்ன கொண்டுவரும்னு எனக்குத் தெரியணும்லா!”

அப்போது வாசலில் பொன்னாடை தெரிந்தது. அதற்குள் குலசேகரநாதன் இருந்தார். புதுக்கொற்கையில் எல்லோரும் குளிருக்குக் கம்பளிச்சட்டை போடுவார்கள். அவர் கம்பளிச்சட்டைக்கு மேல் பொன்னாடையும் போடுவார். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நிற்கிறவர். போன இடத்தில் ஐந்து நிமிடம் உரையாற்றிவிட்டுத்தான் வருவார். நல்ல மனிதர்தான். சொந்த ஊர் வல்லநாடு. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல் மேடையில் பேசுகிற தமிழைத்தான் வீட்டிலும் பேசினார்.

“ஒரே ஒரு வரிக்காக ஒரு வரலாறே காத்திருக்கலாமா, அம்மா? நாற்பது ஆண்டுகளாக முழு எண்தானே வருகிறது? முழு எண் என்றே எழுதிவிடுங்கள்.”

“முழு எண்ணுன்னு நாம நெனச்சுக்கிட்டதாலதான் ஐயா முழு எண்ணா வருது.”

“புரியவில்லையே.”

பிரகாசி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். “நம்ம பண்டகசாலையில ரெண்டு ஜன்னல் இருக்குல்லா? ஒண்ணு அரிசிக்கு, ஒண்ணு எண்ணெய்க்கு. நீங்க சீட்டைக் குடுத்துட்டு அரிசி ஜன்னல்ல கைய நீட்டுதீங்க. உள்ள இருக்கவன் எண்ணெயக் கொண்டாந்து எண்ணெய் ஜன்னல்ல வச்சுட்டுப் போயிடுதான். உங்க கையில என்ன வரும்?”

“ஒன்றும் வராது.”

“வரும் ஐயா. உங்களுக்கு முன்னால நின்னவரு மறந்து விட்டுட்டுப் போனது வரும். புரோகிராமும் அப்படித்தான். முழு எண்ணுக்கு ஒரு ஜன்னல், தசம எண்ணுக்கு இன்னொரு ஜன்னல். காது தசமத்துல விடை சொல்லி, நாம முழு எண் ஜன்னல்ல கைய நீட்டியிருந்தா...”

“நாற்பது ஆண்டுகளாகவா?” குலசேகரநாதன் சிரித்தார். “கடல் நம்மிடம் தவறான சன்னலில் பேசாது, அம்மா. பன்னிரண்டுக்குள் முடியுங்கள். பூமியிலிருந்து பார்க்கிறார்கள்.” பொன்னாடை அரங்கத்தை நோக்கிப் போயிற்று.

பிரகாசி, கிணற்றின் அடியில் கூட்டோடு இருந்த கணவனுக்குப் போன் போட்டாள்.

“என்னட்டி?” என்றான் சவரி. பக்கத்தில் ஏதோ இரும்பு உருண்டது. “பெல்ட்டு மாட்டிட்டிருக்கேன். அழுவுதியோ?”

“ஆமா, உங்களுக்காக அழத்தான் போன் போட்டேன். காதுக்குப் பக்கத்துல எங்கயாவது தகடு அடிச்சிருக்கா பாருங்க. அதப் படிச்சுச் சொல்லுங்க.”

“பனி மூடிக் கெடக்கு. இரு, சுரண்டுதேன்.”

கிர் கிர் என்று வெகுநேரம் சத்தம் வந்தது. நாற்பது வருடத்துப் பனி. அந்தத் தகட்டை அதுவரை படிக்க யாருக்கும் அவசியம் நேரவில்லை.

“படிக்கட்டா? ‘விடை விநாடியில், தசம எண்ணாக.’ அதுக்குக் கீழ, ‘காது எப்போதும் திறந்தே இருக்கும். நாம் அனுப்பும் ஒலியைப் போன்றதொரு ஒலி, நாம் அனுப்பும் நேரத்துக்கு மிக அருகில் எப்போது கேட்டதோ, அந்த நேர வித்தியாசம் தரப்படும்.’ அம்புட்டுத்தான்.”

“தசமந்தானா? நல்லாப் பாருங்க.”

“எனக்குப் படிக்கத் தெரியும்டி. உன்ன மாதிரி மெசினோட பேசத்தான் தெரியாது.”

பிரகாசி போனை வைத்தாள். காது தசமத்தில்தான் சொல்கிறது. அப்படியானால் இந்தப் பதினெட்டும் எண்பத்தைந்தும் யார் சொன்னது? முன்னால் நின்றவர் யார்?

நானூற்றுப் பதினோராம் வரியைப் பார்த்தாள்.

அது ஊர் தொடங்கிய வருடத்திலேயே போட்ட வரி. இயக்குநர் பெயரில்லாமல் எந்தச் செய்தியும் வெளிவரக் கூடாது என்று அன்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. ஆகவே ஒவ்வொரு நாளும் கடலைக் கேட்பதற்கு முந்தின வரியில், புரோகிராம் இயக்குநரின் பெயரை அறிவிப்புப் பலகையில் அச்சடிக்கும். அச்சடித்துவிட்டு, எத்தனை எழுத்து அச்சடித்தேன் என்ற எண்ணிக்கையை முழு எண் சன்னலில் வைத்துவிட்டுப் போகும். யாரும் கேட்டதில்லை, வைப்பது அதன் பழக்கம்.

“அண்ணாச்சி,” என்றாள் பிரகாசி மெதுவாக, “ஐயா பேரை முழுசாச் சொல்லுங்க.”

ஆவுடைநாயகம் எழுந்து நின்றார். உட்கார்ந்து சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. “வியாழன் வியந்த வேந்தர் பனிப்பாறைப் பகலவன் ஆழ்கடல் அரசு முனைவர் இயக்குநர் குலசேகரநாதன்.”

பிரகாசி தாளில் எழுதி, பென்சிலால் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே வந்தாள். கொற்கையின் கணினிகள் புள்ளியைத் தனியாக எண்ணும், கொம்பைத் தனியாக எண்ணும், இடையில் விடும் வெற்றிடத்தைக்கூட விடாது. எண்பத்தைந்து. வேந்தரை அடித்தாள், அறுபத்திரண்டு. பகலவனை அடித்தாள், நாற்பத்து மூன்று. அரசு போனார், முப்பது. முனைவர் போனார், இருபத்திரண்டு. கடைசியாக ‘இயக்குநர் சுடலைமணி’ என்று எழுதி எண்ணினாள்.

பதினெட்டு.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆவுடைநாயகம் தாளை வாங்கித் தானும் எண்ணினார். ஒன்பது வருடமாகக் கடலை ஆழப்படுத்தியவர் தான்தான் என்று அவருக்கு உறைத்தபோது நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அதற்குள் பிரகாசியின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. இதெல்லாம் பேரின் நீளம் என்றால் கடலின் ஆழம் என்ன? அறுபது கிலோமீட்டர் கல்லைப்போல் விழச் சொல்லி, அவள் புருஷனை இரும்புப் பந்துக்குள் பெல்ட்டு மாட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். தரை மூன்றாம் கிலோமீட்டரிலேயே இருந்தால்?

அரங்கத்தில் ஊரே கூடியிருந்தது. மேடைக்குப் பின்னால் குலசேகரநாதனைப் பிடித்து, தாளைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் தாளில் கடைசிப் பெயரின் மேல் விரலை வைத்தார். “அப்ப சுடலைமணி காலத்துப் பதினெட்டு?” என்றார். குரலில் வல்லநாடு வந்திருந்தது.

“அவுக பேரு சின்னது ஐயா.”

“எண்பத்தஞ்சும் என் பேருதானா? கடல் ஒண்ணுமே சொல்லலியா?”

“கடல் சொன்னது பக்கத்து ஜன்னல்ல இருக்கு. நாம இன்னும் போய்ப் பாக்கல.”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“நம்ம மூணு பேருக்குத்தான்.”

குலசேகரநாதன் அரங்கத்தை எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் குழந்தைகள் காகிதத்தில் வெட்டிய மீன்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “இன்னைக்கு மட்டும் பழைய மாதிரியே போட்டிரும்மா,” என்றார் தாழ்ந்த குரலில். “முழு எண்ணுன்னு. கூடு நல்ல உருக்கு. ஒண்ணும் ஆவாது. பெறகு நிதானமா, ஒரு குழு போட்டு...”

“உருக்குக்கு ஒண்ணும் ஆவாது ஐயா. உள்ள இருக்கது எங்க வீட்டுக்காரரு.”

அதற்குள் மேடையில் அவர் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சொல்லி முடிக்க நேரம் பிடிக்கும் பெயர்தான். அது முடியும்வரை தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தார். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு வெளிச்சத்துக்குள் போனார்.

பிரகாசி தன் மேசைக்கு ஓடினாள். முழு எண் என்று எழுதினாலும் ஒரு வரி. தசம எண் என்று எழுதினாலும் ஒரு வரி. கம்பைலருக்கு இரண்டும் சம்மதம். எழுதிக் கொடுத்ததை அது நம்பும். மெய்யா பொய்யா என்று விசாரிக்காது. அது எழுதுகிறவர் பாடு.

தசம எண் என்று எழுதினாள். சிவப்பு எழுத்து மறைந்தது. மணி பதினொன்று ஐம்பத்தாறு. அரங்கத்துக்குத் திரும்பி ஓடினாள்.

பன்னிரண்டடித்தது. ஊர் ஒலிபெருக்கியில் அந்தப் பழக்கமான ‘டோங்’, கடைசியில் எப்போதும்போல் ஒரு கரகரப்போடு. அனுப்பும் கருவியின் சவ்வில் ஆறு வருடமாக ஒரு விரிசல். மாற்றித் தரும்படி பிரகாசி மூன்று மனு எழுதியிருந்தாள். பலகையில் இயக்குநரின் பெயர் வழக்கம்போல் முழு நீளத்துக்கும் ஓடியது. அதன் கீழே எண் வந்தது.

−2.31

குலசேகரநாதன் பூமிக்கு வாசிப்பதற்காக வாயைத் திறந்தார். “கழித்தல்...” என்றார்.

“கழித்தலா?” என்றார் ஆவுடைநாயகம் பிரகாசியின் காதருகில். “அப்ப கடல் நம்ம தலைக்கு மேலயா இருக்கு?”

பிரகாசி வாய் திறக்குமுன் ஒலிபெருக்கியில் சவரியின் குரல் வந்தது. கிணற்றடியிலிருந்து, கூட்டுக்குள்ளிருந்து, ஊர் முழுக்கக் கேட்க.

“ஏட்டி பிரகாசி, இன்னைக்கு எதுக்கு ரெண்டு தடவ அடிச்சீங்க? மொத அடி கீழேருந்துல்லா வந்துச்சு?”

எழுநூறு பேர் இருந்த அரங்கத்தில் ஒரு காகித மீன்கூட அசையவில்லை.

பிரகாசி மேடை ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. “இது எதிரொலி இல்ல,” என்றாள். “எதிரொலின்னா நாம அனுப்புனதுக்குப் பெறகுதான் வரணும். இது ரெண்டேகால் விநாடி முன்னாடியே வந்திருக்கு. கீழ யாரோ இருக்காங்க. நாம தெனமும் பன்னெண்டு மணிக்கு அடிக்கது அதுக்கு மனப்பாடம் ஆயிருக்கு. நாம அடிக்கதுக்கு முன்ன அது அடிக்கு.”

“எத்தன வருசமா?” குலசேகரநாதன் கேட்டார்.

“தெரியாது ஐயா. பன்னெண்டு மணிக்குக் கிணத்தடியில யாரும் இருந்ததில்ல, காது கேட்ட சத்தத்த நாம எடுத்து வைக்கவும் இல்ல. எண்ண மட்டுந்தான் எழுதி வச்சிருக்கோம். பதினாலாயிரத்துச் சொச்சம் நாள். அம்புட்டும் உங்க ரெண்டு பேரோட பேரு நீளம்.”

வெளிச்சத்தில் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. பூமி முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பது வருடமாக அவர் வாசித்த ஒவ்வொரு எண்ணையும் அவர் இப்போது திரும்ப வாசிப்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு பகலும் கீழே ஒன்று கூப்பிட்டிருக்கிறது. மேலே இவர் தன் பெயரைப் படித்துக்காட்டியிருக்கிறார். பிரகாசி அவர் மழுப்புவார் என்று எதிர்பார்த்தாள். மழுப்பக்கூடிய மொழி அவரிடம் நிறைய இருந்தது.

“ஆழம் தெரியல,” என்றார் குலசேகரநாதன், ஒலிவாங்கியில், வல்லநாட்டுத் தமிழில். “ஒன்பது வருசமா நான் சொன்னது தப்பு. இன்னைக்கு யாரும் இறங்க வேண்டாம். சவரி, மேல வாய்யா.”

“வாரேன்,” என்றது ஒலிபெருக்கி. கொஞ்சம் பொறுத்து, “அப்படியே பூமியில சொல்லிருங்க. இனி இறங்குனாலும் கல்லு மாதிரி விழ மாட்டேன். கீழ குடியிருக்காங்கல்லா. கதவத் தட்டிட்டுத்தான் போணும்.”

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஒலி அனுப்ப வேண்டாம் என்று ஊர்ச்சபை முடிவு செய்தது. அது தீர்மானம் நிறைவேற்றிப் பாராட்டு மாலை போடாமல் கலைந்த முதல் கூட்டம் என்று ஆவுடைநாயகம் சொன்னார். நானூற்றுப் பதினோராம் வரியை அவரே வந்து தன் கையால் அழித்தார். பலகையில் பெயர் இருந்த இடம் கறுப்பாக நீண்டு கிடந்தது. அவ்வளவு அகலமான பலகை என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

அன்று காது கேட்பதை நேரே அரங்கத்து ஒலிபெருக்கியில் இணைத்திருந்தார்கள். அரங்கத்தில் நாற்காலி போதவில்லை. குழந்தைகள் தரையில் காதை வைத்துப் படுத்திருந்தார்கள், நாலு கிலோமீட்டர் பனியைத் தாண்டிக் கேட்டுவிடப் போவதுபோல். சவரி பிரகாசியின் தோளை ஒட்டி நின்றான். குலசேகரநாதன் பொன்னாடை இல்லாமல் வந்திருந்தார். ஓரிருவருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

பன்னிரண்டு நெருங்கியதும் ஊர் வாயை மூடிக்கொண்டது.

டோங்.

கீழேயிருந்து. தூரத்திலிருந்து வருகிற, உருண்டு திரண்ட, எதையும் அவசரப்படுத்தாத ஒலி. பிரகாசி தன்னையறியாமல் விநாடிகளை எண்ணினாள். அது காத்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. தினமும் இந்த இடத்தில்தான் நாம் அடிப்போம். இன்று அடிக்கவில்லை. ஒன்று. இரண்டு.

டோங்.

இரண்டாவதும் கீழேயிருந்துதான் வந்தது. ஆனால் இது வேறு மாதிரி. கடைசியில் ஒரு கரகரப்பு இருந்தது. உடைந்த சவ்வின் கரகரப்பு. நாம் மறந்துவிட்டோம் என்று நினைத்து, நம் பங்கையும் அதுவே நம் குரலில் சொல்லிக் கொடுத்திருந்தது, ஆறு வருடத்து விரிசல் உட்பட.

யாரும் கைதட்டவில்லை. சவரி அவள் கையைப் பிடித்தான்.

கூட்டம் கலைந்தபோது குலசேகரநாதன் அவளருகே வந்தார்.

“தாயி,” என்றார், “அந்தச் சவ்வை மாத்தச் சொல்லி நீ குடுத்த மனு மூணும் என் மேசையிலதான் கெடக்கு.”

“தெரியும் ஐயா.”

“அப்படியே கெடக்கட்டும். மாத்திட்டா அதுக்கு நம்மள அடையாளம் தெரியாமப் போயிரும்.”